முழு வருகைப் பரிசு

பள்ளிக்கூட வாசல் பலகையில் "தேர்ச்சி 100%" என்று எழுதியிருக்கும். பதினோரு வருடமாக அதே நூறு. பெயிண்டர் ஏணியோடு வந்தால் வருடத்தை மட்டும் அழித்து மாற்றி எழுதிவிட்டு இறங்கிவிடுவார். நூறைத் தொடுகிற வேலையே அவருக்கு வைத்ததில்லை. அந்த நூறு எப்படி வருகிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணுக்கு அட்மிஷன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது?

கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. அங்கே பூகோளம் நடத்துபவர் புது டீச்சர். புது என்றால் நாலு வருடப் புது. அவருக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடி இரண்டு வருடமாகிறது. மனுஷன் தினமும் பேப்பரில் வேலை விளம்பரங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். வட்டம் போட்ட களைப்பில் படுத்துவிடுவார். ஆக, அடுப்பு எரிவது டீச்சரின் வேலையால்தான்.

அந்த வேலை தொங்கிக்கொண்டிருந்தது ஒரு எண்ணில். கல்வி அலுவலக விதிப்படி, இருநூற்று நாற்பது பிள்ளைகள் இருந்தால் எட்டு ஆசிரியர். ஒரு பிள்ளை குறைந்தாலும் ஏழு. குறைந்தால் கடைசியாக வந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். அந்த வருடம் பள்ளியில் சரியாக இருநூற்று நாற்பது பேர். இதை டீச்சரிடம் வந்து சொன்னவர் ஆபீஸ் கிளார்க். அவருக்குச் 'சதவீதம்' என்று பேர். வீட்டில் சண்டை வந்தால்கூட, "இதுல அறுபது சதவீதம் உன் தப்பு" என்று மனைவியிடம் சொல்லுகிற ஆள்.

"ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க காலி டீச்சர்," என்றார், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

அந்த 'ஒண்ணு' கடைசி வகுப்பில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் முப்பத்தேழாம் எண். முதல் பருவத் தேர்வில் கணக்கு, அறிவியல், பூகோளம் மூன்றிலும் போய்விட்டாள். பூகோளத்தில் நாலு மார்க்கில். அந்த நாலைப் போட்டிருக்கலாமே என்று புது டீச்சருக்குப் பின்னால் தோன்றாமல் இல்லை. பின்னால் தோன்றி என்ன செய்ய.

தலைமையாசிரியை பெரிய சிஸ்டர் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். சிஸ்டர்களின் வெள்ளை அங்கிகளெல்லாம் அவர் கையால் மடிந்து வருபவைதான்.

"இந்த வருஷம் பொண்ணு வீட்ல இருக்கட்டும்மா. அடுத்த வருஷம் நிதானமா எழுதிக்கலாம். பேரை மட்டும் நாங்க எடுக்க மாட்டோம்," என்றார் பெரிய சிஸ்டர்.

பேரை எடுக்காததைப் பெரிய தயவு என்று நினைத்து, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பெண் ஃபெயிலானால் நூறு போய்விடும்; பெண்ணின் பேர் போனால் இருநூற்று நாற்பது போய்விடும். பள்ளிக்கு அவள் பேர் வேண்டும், அவள் வேண்டாம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, பாவம் அந்த அம்மாவுக்கு மட்டும்தான் விளங்கவில்லை.

பிறகு பெரிய சிஸ்டர் புது டீச்சரை அழைத்தார். "தொடர்ந்து முப்பது நாள் வரலைன்னா பேரை அடிச்சிடணும்னு ரூல் இருக்கு. கிளாஸ் டீச்சர் நீங்கதானே. பார்த்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னார். 'பார்த்துக்கோங்க' என்ற சொல்லை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது.

டீச்சர் பார்த்துக்கொண்டார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என முப்பத்தேழுக்கு நேராக வருகை போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண் பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். டீச்சர் பேனாவை எடுக்கிற நேரமும் அவள் கடை ஷட்டரைத் தூக்குகிற நேரமும் ஒன்று. கடைசி வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். நாற்பதடி தூரத்தில் இருக்கிறவளுக்குத்தானே வருகை போடுகிறோம் என்று டீச்சர் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார்.

கைதேர்ந்த பொய்க்காரியாக இருந்திருந்தால் நடுவில் இரண்டு காய்ச்சல், ஒரு கல்யாண வீடு என்று லீவு போட்டிருப்பார். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. போடச் சொன்னார்கள் என்று நாள் தவறாமல் போட்டார். ஊரே ஜலதோஷத்தில் தும்மிய வாரத்தில்கூட முப்பத்தேழு மட்டும் கல்லு மாதிரி வந்துகொண்டிருந்தாள்.

எண்ணிக்கை நாளன்று அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். அன்றைக்கு அந்தப் பெண்ணைச் சீருடையில் வரச் சொல்லி ஆள் போயிற்று. அம்மா முந்தின நாளே பாவாடை மடிப்பைப் பிரித்து நீளமாக்கி, இஸ்திரி போட்டு அனுப்பினார். திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பு. பெண்ணும் புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தேழு என்று கூப்பிட்டதும், "உள்ளேன் டீச்சர்" என்றாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அதிகாரி டீ குடித்துவிட்டுப் போனார்.

இடைவேளை மணி அடித்ததும் புது டீச்சர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"போதும்மா. நீ கடைக்குப் போ."

"நாளைக்கு வரணுமா டீச்சர்?"

"வேண்டாம்."

அவள் நோட்டை மூடினாள். மேலே தேதி மட்டும் எழுதியிருந்தது.

இதெல்லாம் டீச்சரை உறுத்தாமல் விடவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றார். "எத்தனை தடவை பொய் எழுதினே?" என்று கேட்டாராம் ஃபாதர். "காலை, மதியம் ரெண்டு வேளை ஃபாதர்... கூட்டிப் பார்த்தா இருநூறு வரும்." மூன்று தடவை மாதாவுக்கான அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இதை டீச்சர் வீட்டுக்காரரிடம் சொல்ல, வீட்டுக்காரர் சலூனில் சொல்ல, அப்புறம் நமக்குத் தெரியாமல் இருக்குமா? "இருநூறுக்கு மூணு, ஒன்றரை சதவீதம்தான் தண்டனை. கட்டுப்படியாகும்," என்றாராம் அதைக் கேட்ட சதவீதம்.

எண்ணிக்கை நாள் முடிந்த பிறகும் டீச்சர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவராகப் போய்க் கேட்கவும் பயம்.

வருடக் கடைசியில் ஆண்டறிக்கை வந்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை சதவீதம், யாருக்கு என்ன பரிசு என்று பெற்றோருக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். கிளார்க் சதவீதத்துக்கு முகங்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முழு வருகைப் பரிசுக்கு இருநூற்று நாற்பது பேரில் ஒரே ஒரு பேர் வந்தது. அதை அப்படியே சேர்த்து, பெரிய சிஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கி, முன்னூறு பிரதி போட எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டார்.

பிரதி எடுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தவள் அந்தப் பெண்தான். நாலாம் பக்கத்தில் தன் பேரைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில், எழுபத்தைந்து சதவீத வருகை உள்ளவர்களெல்லாம் பொதுத்தேர்வு எழுதலாம் என்று போட்டிருந்ததையும் பார்த்தாள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை இஸ்திரி அம்மா ஆபீஸில் நின்றார். இந்தத் தடவை கும்பிடவில்லை.

"எம் பொண்ணு ஒரு நாள் விடாம வந்திருக்கான்னு நீங்களே அச்சுல போட்டிருக்கீங்க சிஸ்டர். பரிசு வேண்டாம். ஹால் டிக்கெட் குடுங்க."

"அது ஏதோ கம்ப்யூட்டர் தப்பும்மா."

"கம்ப்யூட்டரா கையெழுத்துப் போட்டுச்சு? கீழே உங்க பேருல்ல இருக்கு?"

பெரிய சிஸ்டர் மேஜைமேல் இருந்த செபமாலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "நாளைக்கு வாங்க," என்றார்.

புது டீச்சர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரியும். போன மாதம் வினாத்தாளைப் பிரதி எடுக்கப் போனபோது, அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு, "டீச்சர், பதினாலாவது கேள்வில அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறிப் போச்சு," என்றாள். மாறித்தான் போயிருந்தது. எட்டு மாதமாக எல்லாப் பாடத்து மாதிரித் தாள்களும் அவள் கை வழியாகத்தான் போயின. மெஷின் ஓடுகிற நேரத்தில் படித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுதினால் பாஸ் பண்ணுவாள். அநேகமாக.

பெரிய சிஸ்டருக்கு அந்த 'அநேகமாக' போதாது. "நாற்பத்திரண்டு பேர் எழுதி ஒண்ணு போனா தொண்ணூத்தேழு புள்ளி ஆறு," என்று சதவீதம் வேறு உடனே சொல்லி வைத்தார்.

அன்று மதியம் டீச்சருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் வைக்கப்பட்டது.

"ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்க. அந்தப் பொண்ணு முதல் பருவத் தேர்வுக்கப்புறம் வரவே இல்லை, கவனக்குறைவால நான் வருகை போட்டுட்டேன்னு. எண்ணிக்கையெல்லாம் முடிஞ்சாச்சு, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

"சிஸ்டர், நீங்கதானே பார்த்துக்கச் சொன்னீங்க..."

"பார்த்துக்கச் சொன்னேன். பொய் எழுதச் சொன்னேனா? இப்ப உண்மையைத்தானே எழுதச் சொல்றேன். உண்மையை எழுதறதுல என்ன பாவம்?"

நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தார். கேட்டருகே இஸ்திரி அம்மா காத்திருந்தார். விரல்களில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"டீச்சர், உங்க கையால போட்டதுதானே அதெல்லாம்?"

"ஆமா."

"யாராவது வந்து கேட்டா, வந்தான்னு சொல்லிடுங்க. எட்டு மாசமா தினம் ரெண்டு வேளை சொன்னதுதான். இன்னும் ஒரே ஒரு தடவை. எம் பொண்ணு பரீட்சை எழுதிடுவா."

எதிரே கடையில் அந்தப் பெண் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் வீட்டுக்காரர் அன்றைக்கு நாலு வட்டம் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடுத்தவங்க பொண்ணுக்காக நம்ம சோத்துல நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?" என்றார்.

மறுநாள் டீச்சர் கடிதம் எழுதினார். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. மூன்று பிரதி கேட்டார்கள். எதிர்க்கடைக்குப் போக மனம் வராமல் வெயிலில் பஸ் நிலையம் வரை நடந்து போய் எடுத்து வந்தார். சாயங்காலமே சதவீதம் தன் ஃபைலுக்கு ஒன்று வேண்டுமென்று அதே கடிதத்தை எதிர்க்கடையில் கொண்டுபோய் நீட்டிவிட்டார். அந்தப் பெண்தான் பிரதி எடுத்தாள். "ஒண்ணு போதுமா சார்?" என்று மட்டும் கேட்டாளாம்.

இஸ்திரி அம்மா அப்புறம் ஆபீஸ் பக்கம் வரவில்லை. லாண்டரிக்காரரிடம் சொல்லி, சிஸ்டர்களின் துணியை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். முழு வருகைப் பரிசு அந்த வருடம் யாருக்கும் இல்லை. வாங்கி வைத்த கோப்பை ஆபீஸ் அலமாரியில் பேனா போடும் ஜாடியாகிவிட்டது. தேர்வு முடிவு வந்தது. பெயிண்டர் வந்து வருடத்தை மாற்றினார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது பிள்ளைகள் இருநூற்று முப்பத்தொன்று. புது டீச்சரைத்தான் அனுப்பினார்கள். "வருகைப் பதிவேட்டுல கவனக்குறைவுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க டீச்சர். ஃபைல்ல இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பெரிய சிஸ்டர். குரலில் உண்மையான வருத்தமே இருந்ததாம்.

எட்டு மாதம் வேலை இல்லாமல் ஓடியது. வீட்டுக்காரர் இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து வட்டம் போட்டார். ஒரு நாள் சான்றிதழ்களைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. பஸ் நிலையம் வரை நடக்க டீச்சருக்கு அலுப்பாக இருந்தது. யாருக்காக இனி ஒளிய வேண்டும் என்றும் இருந்திருக்கும். எதிர்க்கடைக்கே போனார்.

அந்தப் பெண் புதிய ஆண்டறிக்கைப் புத்தகங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ்களை வாங்கி வைத்துவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்து டீச்சர் முன்னால் தள்ளினாள். ஆசிரியர்கள் எட்டுப் பேர், முப்பது மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்று போட்டிருந்தது. எட்டாவதாகப் புது டீச்சரின் பேர். பக்கத்தில் வருகை, நூறு சதவீதம்.

"ஒரு நாள்கூட லீவு போடலை போல, டீச்சர்," என்றாள்.

அவள் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். தனித்தேர்வர் விண்ணப்பம், முழுக்க நிரப்பியிருந்தது. கீழே ஒரு கட்டம் மட்டும் காலி. மாணவியை நேரில் அறிந்த, பணியில் உள்ள ஆசிரியரின் கையொப்பம்.

"அங்க இருக்கிற யாரும் போட மாட்டேங்கறாங்க. நீங்க இன்னும் பணியிலதானே இருக்கீங்க. யாராவது கேட்டா இந்தப் பக்கத்தை வச்சு அனுப்பிடறேன்."

"இது... நான் இப்ப அங்க இல்லையேம்மா."

"நானும்தான் இல்லை, டீச்சர்."

டீச்சர் பேனாவைத் தேடினார். பையில் இல்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்தைப் போட்டு, பதவி, பள்ளியின் பெயர் எல்லாம் எழுதினார். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது.

நன்றி என்று அவள் சொல்லவில்லை. மேஜை டிராயரைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்தாள். டீச்சரின் விளக்கக் கடிதம். சதவீதத்துக்கு ஒன்று எடுத்தபோது தனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கையெழுத்துகளை நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள். பிறகு சான்றிதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனை காப்பி டீச்சர்?" என்று கேட்டாள்.