பாலத்தின் இல்லாத பாதி

புயல் கடல்பாலத்தின் கடல்பக்கப் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாள் காலை, ஆர்லோ குபேக்கா வழக்கம்போல அதன் கோடி வரை நடந்து போய், அங்கே இல்லாத கைப்பிடிக் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சுறாவுக்குத் தூண்டில் போட்டார். போர்ட் சபினாலில் அன்று பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, ஒரு வீட்டிலும் மின்சாரம் இல்லை, ஐஸ்கட்டி விலை மூன்று மடங்காகியிருந்தது. ஆகவே ஒரு கிழவர் தண்ணீருக்கு மேலே வெறும் காற்றில் நிற்பதை ஊர் சாவகாசமாகத்தான் கவனித்தது. கவனித்தவர்களுக்கும் அவர் பூட்ஸுக்கு அடியில் பலகை கிரீச்சிடுவது காதில் விழுந்ததால், யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

டெக்சஸ் கரையில் அந்தப் பாலத்தின் அகன்ற முனை எப்போதுமே சுறாக்காரர்களுக்கென்று விடப்பட்டிருந்தது. கெளுத்தி பிடிக்க வருகிறவர்கள் நடுப்பாலத்தோடு நின்றுகொள்வார்கள். முனையில் சட்டம் ஒன்றுதான்: சுறா மாட்டிய தூண்டில்கோலை, அதைப் பிடித்திருப்பவரைத் தவிர வேறு எவரும் தொடக்கூடாது. பிறர் விரல் பட்டுவிட்டால் அந்த மீன் யாருடைய கணக்கிலும் சேராது. ஆள் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம், தொப்பியால் விசிறலாம், பாதிரியாரைக் கூப்பிடலாம். கோலைத் தொட முடியாது. இறால் ஆலையில் தலை கிள்ளும் வேலை பார்த்த நெல்டா கன்டூ, புயலுக்குப் பல வருடம் முன்பு ஒரு மதியம், டொர்டியா ரொட்டியைத் தின்றபடி அந்த முனைக்குப் போய் நின்றபோது மற்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆர்லோ மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

“இறால் நாத்தம் ஊரைத் தூக்குது. சுறாவுக்கு இதைவிட அத்தர் கிடைக்காது. உக்காரு பொண்ணே.”

“எனக்கு நாப்பது தாண்டியாச்சு, மிஸ்டர் ஆர்லோ.”

“என் பூட்ஸுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி. உக்காருன்னேன்.”

உட்கார்ந்தவள் வருடக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. திருக்கை மீனைத் துண்டு போட்டு முள்ளில் கோப்பது, இரையைச் சின்னப் படகில் ஏற்றி மணல்திட்டுக்கு அப்பால் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் அவர் தொப்பியை ஆட்டும் இடத்தில் இறக்குவது, சுறா ஓடும்போது ஓட விட்டுத் திரும்பும்போது சுற்றுவது எல்லாம் அவர் திட்டித் திட்டியே சொல்லிக்கொடுத்தார். பாலத்தில் மீன் வெட்டும் மேசையைத் தாண்டியதும் ஒரு பலகை என்றைக்கோ காணாமல் போயிருந்தது. அங்கே காலை எட்டிப் போட வேண்டும் என்பதையும் திட்டித்தான் சொன்னார்.

புயலுக்குப் பிறகு, ஹோட்டல் முதலாளி கிளிஃப்டன் ஹார்ட்விக் தலைமையில் கூடிய நகரசபை, போன பாதியைத் திரும்பக் கட்டுவதில்லை என்றும், மிச்சப் பாதியில் உல்லாசப் பயணிகள் ஐஸ்கிரீம் தின்னலாம் என்றும், பாலத்தில் சுறாப் பிடிப்பது இனிமேல் குற்றம் என்றும் தீர்மானம் போட்டது. உடைந்த விளிம்பில் கம்பிவேலி வந்தது. ஆர்லோ வேலியில் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் நடந்தார். ஷெரீஃபின் ஆளான வெல்டன் கைவிலங்கோடு பின்னாலேயே போனான். இல்லாத பலகைகள் அவனையும் தாங்கின. மேசை இருந்த இடத்தைத் தாண்டியதும் தடாலென்று கடலில் விழுந்தான்.

“அந்த ஓட்டை எத்தனையோ வருஷமா அங்கேதான் இருக்கு, வெல்டன்,” என்றார் ஆர்லோ, திரும்பாமலே. “உங்கப்பனும் அதுலதான் விழுந்தான்.”

“பாலத்துல சுறா பிடிக்கக் கூடாது சார்!” என்று வெல்டன் தண்ணீரிலிருந்து கத்தினான்.

“எந்தப் பாலம்? இல்லைன்னுதானே சபையில கை தூக்குனீங்க?”

இப்படியே சில வருடங்கள் போயின. மற்ற சுறாக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நெல்டாவும் வேலியைத் தாண்டவில்லை. இரையைப் படகில் கொண்டுபோகும்போது அண்ணாந்து பார்ப்பாள்: ஆர்லோவின் பூட்ஸின் அடிப்பாகம், அதில் ஒட்டிய செதிள்கள், எதிலிருந்தோ சொட்டும் தண்ணீர். “கீழேருந்து கத்தாதே பொண்ணே, மேல வந்து கத்து” என்று அவர் நாள் தவறாமல் சீண்டுவார். அவள் துடுப்பை வேகமாகப் போடுவாள்.

ஒரு செப்டம்பரில், பெரிய சுறா ஒன்று மாட்டியிருக்கும்போதே ஆர்லோவுக்கு மூச்சு முட்டியது. கோலைத் தாங்கியில் செருகிவிட்டு மிச்சமிருந்த மரப்பாலம் வரை நடந்து வந்து, வேலியைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்தார். “யாரும் தொடாதீங்க. இதோ வந்துடறேன்,” என்று நெல்டாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு இறந்துபோனார்.

கோல் அங்கேயே வில்லாக வளைந்து நின்றது. சவ அடக்கம் முடிந்தது, அக்டோபர் முடிந்தது, சுறா அறுத்துக்கொண்டு போகவும் இல்லை, கரைக்கு வரவும் இல்லை. கடல் ஏற்றத்தின்போதெல்லாம் நரம்பு சுற்றிய ரீல் கிர்ரென்று அலறி ஹோட்டலில் தங்கியவர்களை எழுப்பியது. சுறாக்காரர்கள் தினமும் வந்து வேலியோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். சட்டப்படி அது இன்னும் ஆர்லோவின் மீன். கடைசியில் நகரசபை, வெல்டனைப் படகில் அனுப்பி தூண்டில் நரம்பை வெட்டிவிடத் தீர்மானித்தது. நரம்பு போனால் கோல் போகும், கோல் போனால் அந்த முனையும் போய்விடும் என்பது ஹார்ட்விக்கின் கணக்கு. கணக்கு சரிதான் என்று நெல்டாவுக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை பகலில் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. நெல்டா ஆலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு நேராக வந்து வேலியில் காலை வைத்தாள்.

“வேணாம் நெல்டா,” என்றார் ஒரு சுறாக்காரர். “தொடாதேன்னுதான் பெரியவர் கடைசியாச் சொன்னார்.”

“வந்துடறேன்னும் சொன்னார். வந்தாரா?”

ஹார்ட்விக் ஒலிபெருக்கியை எடுத்தார். “அம்மா, அங்கே ஒண்ணுமே இல்லை!”

“அப்புறம் உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு நெல்டா அந்தப் பக்கம் குதித்தாள்.

பலகை கிரீச்சிட்டது. அவள் கீழே பார்த்துக்கொண்டேதான் நடந்தாள், ஏனென்றால் பயமாக இருந்தது. பழைய மீன் ரத்த வாடை குப்பென்று அடித்த இடத்தில் மேசை இருக்கிறது என்று அறிந்து, அதைத் தாண்டியதும் காலை எட்டிப் போட்டாள். முனைக்குப் போய்க் கோலை இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். கரையில் சுறாக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முனகினார்கள்.

வெயில் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கும்வரை அவள் விட்டாள், சுற்றினாள், விட்டாள். கத்தியோடு கீழே வந்து சேர்ந்த வெல்டன் அண்ணாந்து அவள் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் தொப்பியில் விழுந்தது. கத்தியை உறையில் போட்டுவிட்டு, நரம்பு சிக்கிக்கொள்ளாமல் படகை ஒதுக்கினான். அந்தியில் சுத்தியல் தலைக் கொம்பன் சுறா ஒன்று, அவன் படகைவிட நீளம், மேலே வந்து பக்கவாட்டில் படுத்தது.

“இப்ப வெட்டு வெல்டன், நரம்பை. வாயை ஒட்டி வெட்டு.”

வெட்டினான். சுறா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டது. தீர்மானம் நிறைவேற்றப்பட்டதாக வெல்டன் நகரசபைக்கு எழுதிக் கொடுத்தான்.

“கோலைத் தொட்டுட்டே,” என்றார்கள் சுறாக்காரர்கள், அவள் திரும்பி வந்ததும். “அது ஆர்லோ மீனும் இல்ல, உன் மீனும் இல்ல.”

“இல்லாட்டிப் போகுது. மீனுக்கும் அதுல வருத்தமிருக்கிற மாதிரி தெரியல. நாளைக்கு இரை கொண்டுபோக ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?”

நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு இறால் படகுகள் இருட்டில் பாலத்தின் இல்லாத கால்களில் மோதிச் சேதமாவதாகப் புகார்கள் போகவே, நகரசபை வேறு வழியில்லாமல் முனையில் ஒரு சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டது. அது எதில் தொங்குகிறது என்று எவரும் கேட்கவில்லை. வேலியையும் கழற்றினார்கள். அந்த ஓட்டையையும் அடைத்துத் தருவதாக ஹார்ட்விக்கே நேரில் வந்து சொன்னார். நெல்டா திருக்கையை வெட்டிக்கொண்டே, அது இருக்கட்டும், தாண்டத் தெரிந்தவர்கள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.