கேட்காமல் வந்த உத்தரவு

சோபாவின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை மூத்தவளும் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்கள். கதவு நிலையில் அது சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பியின் கைபேசி அடிக்க, அவன் தன் பக்கத்தை அப்படியே கீழே போட்டான். அவள் கால் தப்பியது தம்பிரான் புண்ணியம்.

"சரிங்க சார்... பத்து மணிக்கா சார்... கண்டிப்பா சார்" என்று எதிரில் இல்லாத ஆளுக்குக் குனிந்து குனிந்து பேசினான். பிறகு அவளைப் பார்த்து, "அக்கா, சேர்மன் வர்றாராம். நேர்லயே. நம்ம வீட்டுக்கு" என்றான். கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருப்பதையே அவன் ஒரு கணம் மறந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

சேர்மனுக்கு ஊர் வைத்த பெயர் 'சிமெண்ட்'. சிமெண்ட் ஆலையில் ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் மூன்று வங்கிகளை வாங்கிப்போட்டவர். மூன்றாவது, அப்பா முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த வங்கி. அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஓர் அமைச்சர் பெயரைச் சொன்னார்கள். ஆதாரம் கேட்டால் இருமினார்கள். கடைசியில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. முக்கியமான சாட்சி தணிக்கைப் பிரிவின் தலைவராக இருந்த அப்பாதான். அலுவலகத்தில் அவருக்குப் 'பேரேடு' என்று பெயர். இருபது வருடத்துக்கு முந்தைய கடன் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் குழுவின் பதினொரு கேள்விகளுக்கும் "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். விசாரணை ஊத்திக்கொண்டது.

அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் அவளுக்கு இடமாற்றம் வந்திருந்தது. அவளும் அதே வங்கியில் எழுத்தர். அதுவரை ஒன்பது மணி நேரப் பேருந்துத் தூரத்தில் நான்கு வருடம் அவள் கிடக்க, அவள் மகள் இங்கே பாட்டி வீட்டில் வளர்ந்தாள். வங்கி கைமாறியதும் அறுபது கிளைகளை மூடி ஆட்களைத் திசைக்கொன்றாக வீசினார்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிளை. அன்றிலிருந்து மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் தங்கள் டப்பாவை மூடினார்கள். எனக்காகத்தான் அப்பா தன்னை விற்றாரா என்ற கேள்வியை இரண்டு வருடமாக அவள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள். நேற்று மத்தியானம் மாரடைப்பு வந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

சோபா ஒருவழியாக வெளியே போனது. அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், எதற்கென்று தெரியாமல் திரும்பினாள், தேநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர்ச்சுவர் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தோழர் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். ஊழியர் சங்கச் செயலாளர். அப்பாவின் முப்பது வருட நண்பர். 'ஞாபகம் இல்லை'க்குப் பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உள்ள வாங்க மாமா."

"உங்கப்பன் ஏன் அப்படிச் சொன்னான்னு யாராவது சொல்லுங்க, வர்றேன். இல்லேன்னா வண்டி கிளம்புறவரைக்கும் இங்கயே இருந்துட்டுப் போறேன். போம்மா, உன் பெரிய மனுஷன் வர்ற நேரம்."

பெரிய மனுஷன் வருவதற்கு முன்னால் இரண்டு காவலர்கள் வந்து துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகளை விரட்டினார்கள். சேர்மன் படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். உதவியாளர் மலர்வளையத்தை நீட்ட, வாங்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். "இந்த மாதிரி மனுஷர் இனிமே எங்கம்மா பொறக்கப்போறாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பெட்டியின் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆமா சார்" என்றான் தம்பி.

அவள் கேட்டுவிட்டாள்.

"சார், நான் நம்ம வங்கியிலதான் இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு இங்க மாற்றல் வந்துச்சு. எங்கப்பா உங்ககிட்ட கேட்டாரா?"

தம்பி அவள் முழங்கையைக் கிள்ளினான். சேர்மன் எதுவும் புரியாமல் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் காதில் ஏதோ சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அவரா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கலைம்மா. கேக்காதவங்க வீட்டுக்குத்தானே நாமளா பாத்துச் செய்யணும்."

அன்பாகத்தான் சொன்னார். அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார். மொத்தம் ஏழு நிமிடம்.

உத்தரவு வந்த அன்றிரவே அவள் பேருந்தேறி ஓடி வந்து மகளைத் தூக்கிச் சுற்றியதும், அப்பா அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்ததும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேசைமேல் குழுவுக்கென்று அவர் கட்டிவைத்திருந்த கோப்பு இருந்தது. "யாரு கையெழுத்து போட்டிருக்கா?" என்று கேட்டார். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. "சரி. பக்கத்துலயே இரு" என்று சொல்லிக் கோப்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். களைப்பு என்று நினைத்தாள். அப்பாவை யாரும் வாங்கவில்லை. அவர் வாயை அடைத்தது அவளுடைய அந்தச் சந்தோஷம்தான்.

தெருவைக் கடந்து ஓடினாள்.

"மாமா, அப்பா எதுவும் கேக்கலையாம். அவங்களா போட்டதாம். அப்பாவுக்கு எதுவுமே தெரியாது."

தோழர் சிரித்தார். "யாருக்கும்மா காது குத்துற? கேக்காமக் குடுக்க அவன் என்ன தர்ம சத்திரமா நடத்துறான்?"

"சேர்மனே சொன்னாரு மாமா, இப்பத்தான்."

"வேலிக்கு ஓணான் சாட்சியா? நல்லா இருக்கு."

வண்டி வந்துவிட்டது. பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "தூக்கணும், ஆம்பளைங்க வாங்க" என்று தம்பி குரல் கொடுத்தான். தோழர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கால்கள் தெருமுனைப் பக்கம் திரும்பின.

"நான்தான் கேட்டேன் மாமா."

அவர் நின்றார்.

"அமைச்சர் ஆபீஸ்ல ஆளப் புடிச்சு நான்தான் கேட்டேன். அப்பாவுக்கு உத்தரவு வந்தப்புறம்தான் தெரியும். நீங்க சாட்சி சொன்னா என் வேலை போயிரும்னு அப்பா கால்ல விழுந்து அழுதேன். அதான் அவரு... வேற ஒண்ணும் இல்ல."

பொய் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. உண்மையை நம்ப மறுத்த மனிதர் இதை அரை நொடியில் நம்பிவிட்டார். அவளை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரு முறை பார்த்தார். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்.

"நீயா?"

"நான்தான்."

வேறெதுவும் கேட்காமல் தெருவைக் கடந்து உள்ளே போனார். கூட்டம் வழி விட்டது. அடுத்த நிமிடம் அவர் குரல் வெடித்தது.

"அடப்பாவி, பொண்ணுக்காகவாடா? அவ போய் அமைச்சர் ஆபீஸ்ல நின்னதுக்கு நீ ஏண்டா ரெண்டு வருஷம் தலைகுனிஞ்சே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

அம்மா தலையைத் தூக்கி வாசல் வழியாக அவளைப் பார்த்தாள். தோழர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் போனார். அப்பாவின் தோளை அவர்தான் பிடித்துத் தூக்கினார்.

கிளையிலிருந்து வந்திருந்த பெண்களில் ஒருத்தி கையில் தண்ணீர்ப் புட்டியோடு தெருவுக்கு இறங்கி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள். தோழர் சொன்னது காதில் விழுந்ததும் பாதி வழியில் நின்றாள். குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.