சனிக்கிழமை நைட்டு பன்னெண்டே முக்கால்

அந்த வெள்ளிக்கிழமை வீரப்பனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தம் வரை போவார், ஒரு வேலையும் இல்லாமல் திரும்புவார். ஆறு வருஷம் கழித்து மகன் எழிலரசன் பாரிசிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறான். வில்லியனூர் கடைக்காரர் மகள் வினோதினியை அவன் கட்டிக்கொண்டபோது, "அந்த வூட்டுப் படிய மிதிச்சா நான் வீரப்பனே இல்லடா" என்று ஊரே கேட்கக் கத்தினவர் இந்த மகாராசன்தான். இப்போது மகன் தன் அம்மாவிடம் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"அப்பா ஏர்போர்ட்டுக்கு வந்து கூப்ட்டா நம்ம வூட்டுக்கு வரோம். இல்லன்னா நேரா வில்லியனூருதான். சனிக்கிழமை, நைட்டு பன்னெண்டே முக்காலுக்கு எறங்குறோம்."

"வரேன்னு சொல்லுடி" என்று மனைவி உஷாராணியிடம் உறுமினார் வீரப்பன். உறுமல் வெளியேதான், உள்ளே மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்கே காருக்குச் சொல்லிவைத்தார்.

"எட்டாயிரம் கிலோமீட்டராம், பத்து மணி நேரம் பறக்குமாம். நடுவுல எங்கயும் நிக்காதாமே?"

"நிக்கறதுக்கு அது இன்னா கடலூர் பஸ்ஸா? சும்மா உக்காருங்க" என்றாள் உஷாராணி.

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் போன் வந்தது. எடுத்தவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வந்துட்டாங்களாம். ராத்திரியே எறங்கி, யாரும் வரலன்னு வில்லியனூரு போய்ட்டாங்களாம்."

"அய்யய்யோ! சனிக்கிழமைன்னுதானடி சொன்னான்? இன்னிக்குத்தான சனி!"

"பன்னெண்டு அடிச்சாலே சனிக்கிழமையாம். வெச்சிட்டான்."

கோழி கூவாமல், பொழுது விடியாமல் எப்படி ஐயா மறுநாள் வரும்? பயிர் வைத்துப் பிழைத்த வீரப்பனுக்கு அறுபது வருஷமாக நாள் அப்படித்தான் விடிந்தது. பிள்ளை சொன்ன ராத்திரியும் சனிக்கிழமை முடிந்து வருகிற ராத்திரிதான் என்று இருந்துவிட்டார்.

"போன்ல எடுத்துச் சொல்லுங்க."

"வராததுக்குச் சாக்கு சொல்றான் கெழவன்னு நெனப்பான்." சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். புதுச்சேரியில் இறங்கி அடுத்த பஸ் ஏறினார். இரண்டு பஸ்ஸிலும் இடம் இருந்தது, உட்காரவில்லை.

வில்லியனூரில் சம்பந்தி சண்முகசுந்தரம் அடித்துப்பிடித்து வாசலுக்கு வந்தார். "வாங்க சம்பந்தி, உள்ள வாங்க."

"பையனக் கூப்புடுங்க" என்று வீரப்பன் தெருவிலேயே நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய வீறாப்பு இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று சண்முகசுந்தரத்துக்கு எரிச்சலாக வந்தது.

எழிலரசன் வந்தான். தூங்காத கண்.

"ஏம்பா வெயில்ல நிக்கற? உள்ள வா."

"ராத்திரி நீ எவ்ளோ நேரம் நின்ன?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுடா."

"நாலு மணி நேரம். கொழந்த தோள்லயே தூங்கிடுச்சி. தூரத்துல வேட்டி தெரிஞ்சாலே நீதான்னு..." அவன் முடிக்கவில்லை.

வீரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வேர்வையை மட்டும் இல்லை.

"நாளு தப்பாயிடுச்சிடா, எழிலு. எனக்கு விடிஞ்சாத்தான் சனிக்கிழமை. நீ உள்ள போ. நான் இப்பத்தான வந்தேன், இன்னும் நாலு மணி நேரம் இருக்குது" என்றார்.