தனகோடியின் கொய்யாக்கூடை

தனகோடிக்கு வாய் நீளம். செங்கல்பட்டு ஜங்ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால் விட்ட ஒரு சாபம்தான் இன்று அவளை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றியிருந்தது. மடியில் கொய்யாக்கூடை, மேலே ஈரத்துண்டு.

லைசென்ஸ் இல்லாமல் ரயிலில் விற்பவர்களுக்கு ஒரு பழக்கம். காக்கியைக் கண்டால் கூடைமேல் துண்டு விழும், அடுத்த நொடி ஆள் இறங்கிவிடும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ரயில்வே போலீஸ் ஜோஷ்வா பெட்டியில் ஏறியதைப் பார்த்த தனகோடி, அவசரத்தில் பிளாட்பாரம் இல்லாத பக்கம் குதித்துவிட்டாள். அந்தத் தண்டவாளத்தில் மெயில் வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே குதித்த ஜோஷ்வா, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போட்டான். கூடைதான் போயிற்று.

பிழைத்தவள் நல்ல வார்த்தையா சொன்னாள்? "நாசமாப் போவ! ஒரு கூடை பழம் போச்சேடா பாவி! உன்னாலதானே குதிச்சேன்!" என்று ஸ்டேஷனே கேட்கக் கத்தினாள். இருபது வயது போலீஸ்காரன், முழங்கையில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நாளில் காக்கியைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது கார்கில் சண்டையில் குண்டு பட்டுச் செத்துப்போனான். டீக்கடைப் பேப்பரில் படத்தைப் பார்த்ததிலிருந்து தனகோடிக்குச் சோறு இறங்கவில்லை.

மாமல்லபுரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஜோஷ்வா வீட்டின் வாசலில் ஊரே கூடியிருந்தது. கொடி போர்த்திய பெட்டியைச் சுற்றிச் சிப்பாய்கள். சீருடையைக் கண்டதும் அவள் கை தானாகத் துண்டை இழுத்து மூடியது. சீ, இந்தக் கைக்கு வேறு புத்தியே இல்லை!

பெட்டியின் தலைமாட்டில் அவன் அம்மா மேரி. தனகோடி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, நான் செங்கல்பட்டுல கொய்யா விக்கிறவ. உன் புள்ள என் உசுர காப்பாத்துச்சு. நான் நாசமாப் போவன்னு சொல்ட்டேன். என் வாய்தான் அத தூக்கிகினு பூட்ச்சு."

மேரி நிமிர்ந்தாள். அழுது வீங்கிய முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"கொய்யாக்காரியா நீ? லீவுல வந்தா உன் கதைதான். உன்ன மாரியே கத்திக் காட்டுவான், வூடே சிரிக்கும். என் கையால ஒரு உசுரு பொழச்சிகீதும்மா, இன்னா கத்து கத்துச்சு தெரியுமா, நல்ல கெட்டி உசுருன்னுவான். உன் சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குப் புள்ளைங்க கீதுங்களா?"

"ஒரே பொண்ணு, சியாமளா. பத்தாவது பாஸ் பண்ணிட்ச்சு."

"அப்ப அத அவன் கிட்ட சொல்லு, போ."

தனகோடி பெட்டியருகே போனாள். சிப்பாய்கள் தடுக்கவில்லை. கூடையைக் கீழே வைத்து, அவன் முன்னால் முதல்முறையாகத் துண்டை எடுத்தாள்.

"உன் புண்ணியத்துல நானும் என் பொண்ணும் நல்லா கீறோம் நைனா!" என்றாள், ஸ்டேஷனே கேட்கும் அதே குரலில்.