நல்ல தண்ணீர் குடித்த வேன்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு புள்ள. இந்த வண்டியையே கேட்டாலும் தர்றேன்."

கல்யாணமான புதிதில், அதிராம்பட்டினம் கடற்கரையில், புது மீன் வேனுக்குள் உட்கார்ந்து ஜெயாவும் உலகநாதனும் பேசிய பேச்சு அது. ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். ஜன்னலோரம் மாமியார் வந்து நிற்கவே, அப்படியே விழுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் பிள்ளைகள் பிறந்தன, ஆட்சி மாறியது, பானெட்டில் அவன் ஆசையாய்த் தீட்டியிருந்த கறுப்பு சிவப்பும் வெளுத்துப்போனது. அவள் ஆசை மட்டும் வெளுக்கவில்லை.

இப்போது அந்த வேனையே விற்கப்போவதாகச் சொல்கிறான். மன்னார்குடிக்கு மீன் ஏற்றிப் போனபோது குறுவை அறுவடைக் கூலித் தகராறு, சாலை மறியல். செங்கொடிகளுக்கும் போலீசுக்கும் நடுவே வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து போனதில், வண்டி கொதித்து வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. தஞ்சாவூரில் வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் என்ஜினை முழுக்க இறக்கிப் புதுசாக்க வேண்டும் என்றார்கள். அதற்கு அவனிடம் பணமில்லை.

பட்டுக்கோட்டை மெக்கானிக் இராஜாங்கத்திடம் ஒருமுறை காட்டிவிட்டு விற்கலாம் என்று ஜெயாதான் பிடிவாதம் பிடித்து, கூடவே வந்தாள். இராஜாங்கம் என்ஜினின் மேல்பாகத்தை மட்டும் கழற்றினான். பிஸ்டன்களுக்கு ஒன்றுமில்லை. மேல்பாகத்துக்கு அடியில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்தான் வெந்து கிழிந்திருந்தது. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அடைத்துக் கிடந்தது. ஜெயா அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

"என்ஜினைக் கருவாடு போட்டு வச்சிருக்கீங்கண்ணே" என்றான் இராஜாங்கம்.

இத்தனை வருஷமும் உலகநாதன் ரேடியேட்டருக்குக் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறான்.

"வீட்டுல நல்ல தண்ணி இருக்கையில இதை ஏன் ஊத்துனீங்க?"

உலகநாதன் தலையைச் சொறிந்தான். "நீ அவ்வளவு தூரம் நடந்து, இடுப்புல சுமந்து வர்ற தண்ணி. அதை எப்படி வண்டிக்கு ஊத்துறது?"



மேல்பாகத்தை லேத் பட்டறையில் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, ரேடியேட்டரைக் கழுவி, மறுநாள் சாயங்காலம் இராஜாங்கம் என்ஜினை மறுபடி பூட்டிக் கொடுத்தான். ஜெயா பக்கத்தில் ஓடும் புதாற்றில் இறங்கி ஒரு குடம் நல்ல தண்ணீர் மொண்டுவந்து, தன் கையாலேயே ஊற்றினாள். உலகநாதன் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. புகையில்லை.

"இதைப் போயி விக்கப் பாத்தேனே" என்றான் உலகநாதன், ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே. பிறகு பார்த்தால், அவள் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஏறலையா? அந்தப் பக்கம் வா."

அவள் கதவைத் திறந்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க."