பூஜ்ஜியம் சதவீதம் உட்கார்ந்திருந்த அறை

எங்கள் மேலாளருக்குப் புள்ளி பிடிக்காது. சதவீதத்தில் தசமப் புள்ளியைக் கண்டால் சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல முகத்தைச் சுளிப்பார். "முழு நம்பரா போடும்மா, பாக்க நல்லா இருக்கும்" என்பார். அப்படித்தான் போட்டுத் தொலைத்தேன்.

மதிய இடைவேளையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் தலை எண்ணினோம். மொத்தம் 250 பேர். சாப்பாட்டுக் கூடத்தில் 111, முற்றத்தில் 86, சொந்த இருக்கையிலேயே 52, மாடிப்படி ஓரத்துத் தாய்மார் அறையில் 1. பை சார்ட்டில் 44, 34, 21, 0 என்று வந்தது. தாய்மார் அறைக்கு வட்டத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது.

மேலாளருக்கு ஒரே கொண்டாட்டம். "பழைய ஃபைல் வைக்க இடமில்லாம நான் அலையறேன், ஜீரோ பர்சென்ட்டுக்கு ஒரு ரூமா? காலி பண்ணிப் பூட்டிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒன்று என் தம்பி மனைவி. தம்பி மதியம் கைக்குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பான், அவள் அந்த அறையில் பால் கொடுத்து அனுப்புவாள். பாட்டிலைக் கண்டாலே அந்தக் குட்டி ஊரைக் கூட்டிவிடும். அறை போனால் அவள் வேலையை விட வேண்டியதுதான். வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில். எனக்கும் அவளுக்கும் ஆகாது, அது வேறு விஷயம்.

மறுநாள் மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வந்தார். மேலாளர் சார்ட்டைத் திரையில் போட்டு, தாய்மார் அறையைப் பூட்ட அனுமதி கேட்டதும், இயக்குநர் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்போதுதானே வருது? மீதி ஒண்ணு எங்க?"

அதை நான் தின்றுவிட்டதுபோல மேலாளர் என்னைப் பார்த்தார். "சாப்பாட்டுக் கூடத்தோட சேர்த்துடும்மா. நாப்பத்தஞ்சுன்னு போடு."

"முடியாது சார். நாம தலைக்கணக்கைத்தான் கொடுக்கறோம், சதவீதத்தை கம்ப்யூட்டர் ஷீட்டே போட்டுக்குது. நாப்பத்தஞ்சு வரணும்னா இல்லாத ஆளை நான் சாப்பிட உக்கார வைக்கணும்."

இயக்குநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்முன்னாலேயே புள்ளியைத் திரும்ப வரவழைத்தேன். 44.4, 34.4, 20.8, 0.4.

"மூணாவதை மட்டும் மேல ஏத்திருக்கு மேடம். மத்த மூணுலயும் புள்ளி நாலை வெட்டிடுச்சு. நாப்பத்தி நாலு புள்ளி நாலுல புள்ளி நாலு போனா யாருக்கும் வலிக்காது. புள்ளி நாலுல புள்ளி நாலு போனா ஆளே இல்ல."

"யார் அந்த ஆள்?"

"என் தம்பி பொண்டாட்டி."

"அதானே பார்த்தேன்!" மேலாளர் எகிறினார். "சொந்தக்காரிக்கு வக்காலத்தா?"

"ஆமா சார், சொந்தம்தான். அதுக்காக ஒண்ணு பூஜ்ஜியம் ஆயிடுமா?" குரல் உயர்ந்துவிட்டது. என் வேலைக்கும் வேட்டு வைத்துக்கொண்டேனோ!

இயக்குநர் எழுந்தார். "வாங்க, போய்ப் பாத்துடலாம்."

நான் கதவைத் தட்டி, தலையை மட்டும் நீட்டிக் கேட்டுக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனேன். மேலாளர் வெளியே நின்றார். தம்பி மனைவி பால் கொடுத்து முடித்து, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அது இயக்குநரைப் பார்த்து ஏப்பம் விட்டது.

"இங்க ரெண்டு பேர் இருக்காங்களே? ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க?"

"குழந்தை நம்ம ஸ்டாஃப் இல்லையே மேடம்" என்று வெளியிலிருந்து மேலாளரின் குரல் வந்தது.

"யார் எங்க இருக்காங்கன்னுதானே எண்ணினீங்க? யார் சம்பளம் வாங்கறாங்கன்னா எண்ணினீங்க?"

திரும்பி வந்து ஒன்றை இரண்டாக்கினேன். மொத்தம் 251 ஆயிற்று. மேலாளருக்குப் பிடித்தபடி புள்ளியையும் எடுத்துவிட்டேன். திரையில் 44, 34, 21, 1 என்று வந்தது.

இயக்குநர் மறுபடி பேனாவை எடுத்தார். "நூறு" என்றார். "ரூம் இருக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் நம்பாமல் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். அவருக்கும் நூறுதான் வந்தது.