நீராகார டாக்டர்

பாராட்டு விழா வேண்டாம் என்று ஒப்புக்கு ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொன்னால் நிஜமாகவே விட்டுவிடுவார்களோ என்று பயம். பல் மருத்துவக் கல்லூரியில் முப்பது வருட ஆசிரியர் வேலை, வாய்ப்புற்று ஆராய்ச்சிக்குத் தங்கப்பதக்கம், நாலு வெளிநாட்டுப் பயணம், ஓய்வு பெறும் வருடத்தில் தஞ்சாவூர் மண்டபத்தில் பொன்னாடை. பேராசிரியர் ராமசுப்பிரமணியனுக்கு வேறென்ன வேண்டும்? முதுகுக்குப் பின்னால் என்னை நீராகார டாக்டர் என்பார்கள். அதில்கூட எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் என் ஆராய்ச்சி. 1968 புரட்டாசியில் விவசாயக் கூலிகளின் வாயைப் பரிசோதிக்கக் குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். வயலில் இறங்கும் ஆணும் பெண்ணும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் நாள் முழுக்கக் குனிந்து கிடப்பார்கள். அடக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். சிலருக்கு அது பின்னாளில் புற்றாகும். அறுநூறு பேரைப் பார்த்தேன். ஆண்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத் திட்டு இருந்தது, பெண்களில் நாலு பேருக்கு மட்டும். ஒரே பழக்கம், ஏன் இந்த வித்தியாசம்? பெண்கள் காலையில் குடிக்கும் நீராகாரம் அவர்களைக் காக்கிறது என்று எழுதினேன். ஆண்கள்? அவர்கள் டீக்கடைக்கு மாறிவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். உலகம் அதை விழுந்து விழுந்து ரசித்தது. ஏழைப் பெண்ணின் பழைய சோற்றுப் பானையில் மருந்து இருக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

விழாவுக்கு ஒரு மாதம் முன்பு ராஜாத்தி என் அறைக்கு வந்தாள். எங்கள் துறையில் இளம் விரிவுரையாளர். நான் ஆராய்ச்சி செய்த அதே ஊரில், அதே கூலிக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள். இரண்டு வருடமாக அங்கே போய் என் கணக்கை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பெண்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குத் திட்டு வருவதாகவும், தான் எங்கோ தப்புப் பண்ணியிருப்பதாகவும் சொன்னாள். டெல்லி மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வேலை நிரந்தரமாவது அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

அந்தப் பதினேழு சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனாலும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, சாம்பிள் சின்னது, அவசரப்படாதே, மறுபடி எண்ணிப் பார் என்றேன். சரி சார் என்று தலையாட்டினாள். கட்டுரையை நிறுத்தி வைத்தாள்.

போகும்போது இன்னொன்றும் கேட்டாள். அவள் அம்மா தங்கம்மாளுக்கு இரண்டு வருடம் முன்பு புற்று என்று இடது தாடையை எடுத்திருந்தார்கள். அம்மாவின் பழைய பரிசோதனை அட்டையைப் பார்க்கலாமா என்றாள். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெண்கள் வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். என் கையெழுத்தில் நார்மல் என்று இருந்தது. அவள் முகம் தெளிந்தது.

"நல்லவேளை சார். அப்பவே திட்டு இருந்திருந்தா நீங்க பொகையெலய நிறுத்தச் சொல்லியிருப்பீங்க."

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைத் துடைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

1968இல் நடந்ததை இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த ஊர் மிராசுதார் சந்தானகிருஷ்ணன் என் தாய்மாமா. அவர் வீட்டில்தான் தங்கினேன், அவர் வீட்டுச் சாப்பாடுதான். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்திருந்த சமயம். தெருவில் செங்கொடி, மாமா வீட்டு வாசலில் போலீஸ். பரிசோதனையை அவர் நெற்களத்தில்தான் நடத்த வேண்டும் என்றார் மாமா. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஆண்கள் வந்தார்கள். பண்ணைக்கு முன்னால் கூலிக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். செங்கொடிச் சங்கம் வந்த பிறகு ஆண்கள் அதை விட்டுவிட்டார்கள். மாமாவைப் பார்த்துக்கொண்டே அண்ணாக்கு தெரிய வாயைத் திறந்தார்கள். எனக்கு வேலை சுலபமாக இருந்தது.

ஆண்கள் முடிந்ததும் பெண்கள். ஒருத்தியும் கையை எடுக்கவில்லை. நான் வற்புறுத்தினால், மாமா பக்கம் முதுகைக் காட்டவும் முடியாமல், என் பக்கம் திரும்பவும் முடியாமல், விரல் இடுக்கு வழியாக ஒரு விரற்கடை திறப்பார்கள். முன்பல் நாலு தெரியும். கன்னம் தெரியாது. அந்த நாலு சதவீதம், இருமலோ கொட்டாவியோ வந்து வாய் திறந்துவிட்டவர்கள்.

சங்கத்து வீரையன் என்னை வாய்க்கால் கரையில் மறித்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"எங்க தெருவுக்கு வாங்க. அங்க அவங்க வாயத் தொறப்பாங்க."

ஆண்டை இருக்கும் இடத்தில் அவர்களிடம் அதைக் கேட்பது பாவம் என்றும் சொன்னார். மாமாவிடம் போய்க் கேட்டேன். அந்தத் தெருவில் கால் வைத்தால் திரும்ப இந்த வீட்டில் கால் வைக்காதே என்றார். நீங்கள் களத்தை விட்டு எழுந்து போங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் போட்ட சோறு வயிற்றில் இருந்தது. அவர் பெண்ணை எனக்குக் கொடுப்பதாக ஒரு பேச்சும் இருந்தது.

முந்நூறு அட்டைகளில், பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் பட்டம் இல்லை, பதக்கம் இல்லை. நார்மல் என்று எழுதினேன். எழுத எழுதக் கை பழகிவிட்டது. பிறகு நானே அந்த நீராகாரத்தை நம்பினேன். பொய்யை மற்றவர்களுக்குச் சொன்னது ஒரு வெட்கம் என்றால், நானே அதற்குக் கைதட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய வெட்கம்.

விழா நாள். மண்டபத்தின் பக்கவாட்டு அறையில் மாலை மரியாதைக்குக் காத்திருந்தேன். ராஜாத்தி அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். தங்கம்மாள் என்னைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மகள் அவள் தோளைத் தொட்டு, தாடை இல்லாததற்கெல்லாம் வெட்கப்படாதே, சார் இதைப்போல ஆயிரம் வாய் பார்த்தவர் என்றாள்.

"அதுக்கு இல்லம்மா" என்றாள் தங்கம்மாள். கைக்குப் பின்னாலிருந்து குரல் குழறி வந்தது. "ஐயா முன்னாடி அப்பவும் இப்புடித்தான நின்னோம்."

"எப்ப?"

"களத்துல. ஆண்டை குந்தியிருந்தாருல்ல."

ராஜாத்தி அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி. வேறெதுவும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எத்தன பேரு சார் இப்படி நின்னாங்க?"

"எல்லாரும்" என்றேன். "உங்க கணக்குதான் சரி. கட்டுரையை அனுப்புங்க."

அன்றுதான் அவளை முதன்முதலாகப் பன்மையில் அழைத்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கடைசி நாள் போன வாரமே முடிந்துவிட்டது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கும்படியாக இருந்திருக்கும்.

"மேடையில போயி சொல்லுங்க சார்."

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். பொன்னாடை போட்டார்கள். நீராகாரத்தின் பெருமையை மூன்று பேர் பேசினார்கள். என் முறை வந்தது. முதல் வரிசையில் என் மனைவி, மாமாவின் மகள், உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் மைக்கைப் பிடித்தேன். முப்பது வருடம் மேடையில் பேசிப் பழகிய நாக்கு, அதன் வழியிலேயே போயிற்று.

"நான் செஞ்சது பெரிய ஆராய்ச்சி இல்லை. அதுல தவறு இருக்கு. பெண்கள் விஷயத்துல ராஜாத்தி கண்டுபிடிச்சிருக்கறதுதான் சரி. இந்தப் பொன்னாடை அவங்களுக்குப் போகணும்."

கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது. என்ன தன்னடக்கம் என்று தலைவர் மைக்கை வாங்கிச் சொன்னார். மாணவியை இப்படித் தூக்கிவிடும் ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

கடைசி வரிசையில் ராஜாத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தங்கம்மாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்காது. மேடையில் மகளின் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். தானும் தட்டுவதற்காக வாயிலிருந்து கையை எடுத்தாள்.

இடது தாடை இருந்த இடம் குழிந்து கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வருடத்தில் அந்த வாயை நான் பார்த்தது அன்றுதான்.